ஸ்டோருக்கு ஆள் தேவையில்லை

ரிலே விழும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ரிலே என்பது தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு மின் சுவிட்ச். உள்ளே கரண்ட் பாய்ந்ததும் ஒரு தகடு நகர்ந்து இன்னொரு தகட்டைத் தொடும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுப்பது போல ஒரு சத்தம் வரும். அதன் பின் மோட்டார் முனகும், செயின் நகரும், நாற்பத்தெட்டுத் தகரப் பெட்டிகளில் ஒன்று தன் இடத்தை விட்டுக் கிளம்பும். கிளம்பாத நாட்களில் அந்தச் சத்தம் மட்டும் திரும்பத் திரும்ப வரும். யாரோ பக்கத்தில் நின்று நமக்காக 'ச்சு ச்சு' என்று வருத்தப்படுவது போலிருக்கும்.

பெங்களூரில் ஒசூர் ரோட்டை ஒட்டிய ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில், தொண்ணூறுகளில் தொடங்கிப் பல வருடம், கிடங்குத் தானியக்கம் என்ற பாடத்தை நடத்தினேன். ஆள் கை படாமல் எந்திரமே சாமானை அடுக்கவும் தேடவும் எடுத்துத் தரவும் வைப்பது எப்படி என்பதுதான் பாடம். இந்தத் தொழிலில், பாடம் மாணவர்களுக்குப் புரியாவிட்டால் வாத்தியாருக்குக் கெட்ட பெயர். நன்றாகப் புரிந்துவிட்டால் எங்கோ ஒருவருக்கு வேலை போகும். கரும்பலகை முன் நின்று தொண்டையைத் தேய்த்தவர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகுப்பு

பாடப்புத்தகத்தில் வெளிநாட்டுக் கிடங்குகளின் படங்கள் இருந்தன. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்து, இருட்டில் மழை பெய்வது போல் ஆகியிருந்தன. அவற்றைக் காட்டி ஒரு மணி நேரம் பேசினேன். அறுபது முகங்களும் ஜன்னலுக்கு வெளியே இருந்த தைல மரத்தை விரும்பின. கடைசியில், "உங்களில் எத்தனை பேர் ஒரு கிடங்குக்குள் போயிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். மூன்று கைகள் உயர்ந்தன. அதில் ஒருவன் யஷ்வந்த்பூர் அரிசி வியாபாரியின் மகன். அவனிடம், உங்கள் குடோனை ஆட்டோமேட்டிக் ஆக்க வேண்டுமென்றால் எங்கே ஆரம்பிப்பாய் என்றேன்.

அவன் எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னான்: "அது ஏற்கெனவே ஆட்டோமேட்டிக்தான் மேடம். எங்கப்பா ஒரு சத்தம் போடுவார், மூட்டை வந்துடும்."

முதல்வரின் யோசனை

அன்றே முதல்வரிடம் போனேன். படத்தைக் காட்டிப் பிரயோஜனமில்லை, கையால் செய்து கற்றால்தான் நிற்கும், மாணவர்களே ஒரு சின்னத் தானியங்கிக் கிடங்கைக் கட்டட்டும் என்றேன். முதல்வர் கன்னடக்காரர். தமிழர்கள் நிறைந்த மர்பி டவுனில் வளர்ந்ததால் நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். எதையும் மறுக்க மாட்டார், உடனே தன் பக்கம் திருப்பிக்கொள்வார்.

எங்கள் கல்லூரி ஸ்டோரை நடத்தியவர் தனமேரி. நாற்பது வயதுக்கு மேலிருக்கும். லிங்கராஜபுரத்திலிருந்து தினம் இரண்டு பஸ் மாறி வருவார். ஆணி, திருகாணி, துளைபோடும் பிட், ரம்பத் தகடு, சாக்பீஸ், எல்லாம் அவர் கையால்தான் வெளியே போக வேண்டும். பத்து வருடமாகத் தற்காலிக ஊழியர். ஜூன் மாதம் பிறந்தால் புது நியமன ஆர்டர் வருமா என்று பார்ப்பார், வரும். அவரை நிரந்தரமாக்குவது பற்றிய ஃபைல் முதல்வர் மேஜையில் ஒரு வருடமாகப் படுத்திருந்தது. முதல்வர் அதன் மேல்தான் கண்ணாடியைக் கழற்றி வைப்பார்.

அன்றும் அதன் மேல் கண்ணாடியை வைத்துவிட்டுச் சொன்னார்: "நம்ம ஸ்டோரையே எடுத்துக்குங்க மேடம். பசங்களும் கத்துக்குவாங்க, அந்த அம்மா போஸ்ட் வேணுமா வேண்டாமான்னு எனக்கும் தெரிஞ்சுடும்."

ஃபைல்

இதைத் தனமேரியிடம் சொல்லாமல் அவர் ஸ்டோருக்குள் அளவு நாடாவோடு நுழைய எனக்கு மனம் வரவில்லை. மத்தியானம் அவர் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது போய், மாணவர்கள் ஒரு எந்திரம் செய்யப் போகிறார்கள், அது நன்றாக ஓடினால் உங்கள் ஃபைல் நகராமல் போகலாம் என்று சொன்னேன். எவ்வளவோ கவிதை படித்தவள் நான். அந்த வாக்கியத்தை எப்படிச் சொன்னாலும் அது அப்படித்தான் இருந்தது.

தனமேரி டப்பாவைக் கவிழ்த்து வைத்தார். "தெரியும் மிஸ். அந்த ஃபைலக் கட்ட டேக் எடுத்துக் குடுத்ததே நான்தானே."

குடோனில் மழை

புது மோட்டார் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. குமரேசன் என்ற மாணவன் ஒரு வழி சொன்னான். பொம்மனஹள்ளிப் பையன், அப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வகுப்பில் அவன் ஒருவனுக்குத்தான் ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியும். லாரியின் வைப்பர் மோட்டார் மெதுவாகச் சுற்றும், நிறைய பாரம் இழுக்கும், பெட்டியைத் தூக்க அதுவே போதும் என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

சிவாஜிநகரில் பழைய வண்டிச் சாமான் விற்கும் சந்துக்குப் போனோம். கடைக்காரர் ஒரு வயதான பாய். டீ குடித்துக்கொண்டே மூன்று மோட்டார்களை எடுத்துப் போட்டார். "எந்த வண்டிக்குப்பா?" என்றார். "வண்டிக்கு இல்ல பாய், குடோனுக்கு" என்றான் குமரேசன்.

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். குமரேசனைப் பார்த்தார், பிறகு என்னையும் என் கையிலிருந்த குடையையும் பார்த்தார். "குடோன்ல மழ பெய்யுதா மேடம்?"

வீணாகும் மூன்று நிமிடம்

ஒரு வேலையை எந்திரத்திடம் கொடுக்குமுன் அது எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆறு ஆறு பேராக மாணவர்களை ஸ்டோருக்கு அனுப்பி, ஸ்டாப்வாட்ச் வைத்துத் தனமேரியின் வேலையை அளக்கச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து குமரேசன் அறிக்கை கொண்டுவந்தான். சாமானைத் தேடி எடுக்க இருபது விநாடி. அதற்கு முன் பேச்சு மூன்று நிமிடத்துக்கு மேல். பேச்சு என்ற பத்தியின் கீழ் 'வீண்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தான்.

நானே போய் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டாம் வருட மாணவன் ஒருவன் சீட்டு நீட்டினான். பத்து மில்லிமீட்டர் துளை பிட் வேண்டும். தனமேரி எழுந்திருக்கவே இல்லை. என்ன வேலை, எந்த சார் குடுத்தது, துளைக்குள்ள மரை வெட்டணுமா, எத்தனாம் நம்பர் போல்ட்டு போகும் என்று வரிசையாகக் கேட்டார். பத்து எம்.எம். போல்ட்டுதான் என்றான் பையன். எழுந்து போய் எட்டரை எம்.எம். பிட்டை எடுத்து அவன் கையில் வைத்தார். விஷயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: மரை, அதாவது போல்ட் திருகி ஏறும் வரிகள், வெட்டுவதற்கு இடம் விட்டுத் துளையைச் சின்னதாகத்தான் போட வேண்டும். பத்துக்குப் பத்தே போட்டால் போல்ட் துளைக்குள் வந்து போகும், எதையும் பிடிக்காது. முதல் தடவை செய்யும் எல்லா இன்ஜினியரிங் மாணவர்களும் பத்துதான் கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன்.

பையன் போன பிறகு தனமேரி ஸ்டாப்வாட்சைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டதக் குடுத்தா இருபது நொடிதான் மிஸ். சாயங்காலம் பிளேட்டு போச்சுன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வருவான், அத உங்க கெடியாரம் அளக்குமா?"

ஏபிசிடி

நான்கு மாதத்தில் எந்திரம் எழுந்து நின்றது. சுவர் நீளத்துக்கு ஓட்டை போட்ட இரும்புச் சட்டங்கள், அவற்றில் ஆறு வரிசை, வரிசைக்கு எட்டு என்று பேக்கரியிலிருந்து வாங்கி வெட்டிய தகர டின்கள். முன்னால் தண்டவாளம் போல இரண்டு கம்பிகள். அதில் ஒரு தூக்கி பக்கவாட்டில் ஓடும், மேலும் கீழும் போகும், பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து ஜன்னலில் வைக்கும். பழைய டெலிபோனிலிருந்து கழற்றிய பட்டன் பலகையில் பெட்டி எண்ணை அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

சாமான்களை எந்த ஒழுங்கில் வைப்பது என்று பெரிய விவாதம் நடந்தது. மாணவர்கள் ஆங்கில அகர வரிசை என்று முடிவு செய்தார்கள். ஆங்கிள் துண்டுகள், பேரிங்குகள், போல்ட்டுகள் எல்லாம் மேல் வரிசைகளுக்குப் போயின. வாஷர்களும் ஒயர்களும் தரையோடு உட்கார்ந்தன. நான் பார்த்தேன், அழகாக இருந்தது, தலையாட்டினேன். தூக்கி முதல் தடவை ஓடியதும் முழுச் சட்டமும், ஏதோ யோசனை வந்தது போல், மெல்ல முன்னால் சாய்ந்தது. ஒரு பக்கம் தனமேரி தோள் கொடுத்தார், இன்னொரு பக்கம் குமரேசன். நடுவில் நான் இரு கைகளையும் நீட்டியபடி நின்றேன். எனக்குப் பின்னால் மாணவர்கள் ஒரு பாதுகாப்பான தூரத்தில் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் இறக்கி, கனமானவற்றைக் கீழே வைத்து, சட்டத்தைச் சுவரோடு போல்ட் போட்டு முடுக்கினோம். எது எங்கே என்று தனமேரிதான் சொன்னார். தோளைத் தேய்த்துக்கொண்டே குமரேசனிடம் சொன்னார்: "தம்பி, இரும்புக்கு ஏபிசிடி தெரியாதுப்பா."

ஜெனரேட்டர்

முதல்வர் பார்க்க வந்த நாளில் கரண்ட் போய்விட்டது. அந்தக் காலத்துப் பெங்களூரில் அது செய்தியே இல்லை. சாக்பீஸ் பெட்டி தரையிலிருந்து ஆறடி உயரத்தில், பாதி வெளியே வந்த நிலையில் நின்றது. முதல்வர் அதை அண்ணாந்து பார்த்தார். மாணவர்கள் தரையைப் பார்த்தார்கள். தனமேரி ஏணியைக் கொண்டுவரப் போனார். நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம். அவர் ஏறி இரண்டு சாக்பீஸ்களை எடுத்து முதல்வர் கையில் கொடுத்தார். இதற்கு மேல் ஒரு வாதம் தேவையில்லை என்று நினைத்தேன்.

ஆபீஸ் வரை முதல்வரோடு நடந்தேன். கரண்ட் இல்லாவிட்டால் இது வெறும் அலமாரி சார், ஒரு ஆள் எப்போதும் வேண்டும், அந்த ஃபைலை நீங்கள் பார்க்கலாம் என்றேன். அவர் சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஸ்டோருக்கு ஜெனரேட்டர் லைன் குடுத்துடலாம் மேடம். ஜெனரேட்டர் என்னை பர்மனன்ட் ஆக்குன்னு கேக்காது."

ஒரு கட்டம்

பல்கலைக்கழக ஆய்வுக் குழுவுக்கு ஒரு படிவம் தயாரிக்க வேண்டியிருந்தது. எந்திரத்தின் நீளம், உயரம், வேகம், எல்லாம் கட்டம் கட்டமாக. கடைசிக் கட்டம்: 'இயக்கத் தேவைப்படும் ஆட்கள்'. குமரேசன் அதில் பூஜ்யம் போட்டிருந்தான். நான் அதை அடித்து ஒன்று என்று எழுதினேன். அவன் முகம் சுருங்கியது. "ஒண்ணுன்னு போட்டா இது ஆட்டோமேஷன் இல்ல மேடம், லிஃப்ட்" என்றான். அவன் சொன்னது சரி. நான்தான் அவனுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதற்குள் எந்திரம் ஒரு பிசகும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பெட்டியும் நாற்பது விநாடிக்குள் வந்தது. நான் நடத்திய பாடங்களிலேயே மிக நன்றாகப் புரிந்துகொள்ளப்பட்டது அதுதான். கட்டத்தில் ஒன்று என்பதை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். யார் அந்த ஒன்று என்றார். எந்திரம் பெட்டியைக் கொண்டுவரும் சார், ஆனால் பெட்டிக்குள் சாமானை யாராவது போட்டுவைக்க வேண்டுமே, அதற்குத் தனமேரி வேண்டும் என்றேன். நல்ல பதில் என்றுதான் நினைத்தேன். அவர் பேனாவைத் திறந்து, என் ஒன்றின் மேல் ஒரு பூஜ்யத்தைப் பொறுமையாக வரைந்தார். தினம் இரண்டு மாணவர்கள் முறை போட்டுக்கொண்டு பெட்டிகளை நிரப்பட்டும் என்றார்.

அவர் அன்பாகச் சிரித்தார். "நீங்கதானே மேடம் சொன்னீங்க, கையால செஞ்சு கத்துக்கணும்னு."

ஜூன்

அந்த ஜூனில் தனமேரிக்கு ஆர்டர் வரவில்லை. ஸ்டோர் சாவியைக் கொடுக்கும் நாளில் அவர் நாற்பத்தெட்டுப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக எண்ணி நிரப்பினார். ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தார். செயினுக்கு எண்ணெய் விட்டார். குமரேசன் கதவருகிலேயே நின்றிருந்தான். அவனுக்கு எந்திரத்துக்காக நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டிருந்தேன்.

கடைசியில் "ஸாரி அக்கா" என்றான்.

தனமேரி எண்ணெய்க் குப்பியை அவன் கையில் கொடுத்தார். "மூணாவது சக்கரத்துக்கு மட்டும் ரெண்டு சொட்டு ஜாஸ்தி விடு. இல்லன்னா கத்தும்."

காலிப் பெட்டி

முறை போட்ட மாணவர்கள் முதல் இரண்டு வாரம் வந்தார்கள். பிறகு உள்தேர்வு வந்தது, பிறகு கல்லூரி விழா வந்தது, பிறகு ஒருவன் இன்னொருவன் போட்டிருப்பான் என்று நினைத்தான். எந்திரம் மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. பத்து எம்.எம். கேட்டவனுக்குப் பத்து எம்.எம். கொடுத்தது. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒர்க்‌ஷாப் மேஜைக்கு அடியில் பெரிய துளை விழுந்த பிளேட்டுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. அந்த அடுக்கைத் தாண்டித்தான் நான் வகுப்புக்குப் போவேன்.

கல்வியாண்டு முடியப் போகும் சமயம் ஒரு நாள் முதல்வர் ஒரு விருந்தினரை அழைத்துவந்தார். தானே பட்டனை அழுத்தினார். ரிலே விழுந்தது, மோட்டார் முனகியது, பெட்டி ஒரு ஆட்டமும் இல்லாமல் ஜன்னலில் வந்து உட்கார்ந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. இன்னொன்றை அழுத்தினார். அதுவும் காலி. மூன்றாவதில் யாரோ சாப்பிட்டுவிட்டு வைத்த பன் காகிதம். முதல்வர் கன்னடத்துக்கு மாறிவிட்டார். எந்திரம் கெட்டுவிட்டதா என்று முறைக்கு நின்ற மாணவனிடம் இரைந்தார்.

அவன் பெட்டியைத் திருப்பி எண்ணைப் பார்த்தான். "மெஷின் மேல தப்பு இல்ல சார். காலிப் பெட்டியைச் சரியாத்தான் கொண்டுவந்திருக்கு."

லிங்கராஜபுரம்

மறுநாள் முதல்வர் என்னிடம் ஒரு கவரைக் கொடுத்தார். தனமேரிக்கு மறுபடி தற்காலிக ஆர்டர். நீங்கள் நேரில் போய்க் கேட்டால் வருவார் என்றார். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் போனேன். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் பாதியை ஸ்கூட்டர்கள் அடைத்திருந்தன. தனமேரி காப்பி போட்டார். நான் கவரை வைத்திருந்த கைப்பையைத் திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். எந்த முகத்தோடு கேட்பது? ஆர்டரில் 'முற்றிலும் தற்காலிகமானது' என்ற வரிக்கு அடியில் கோடு போட்டிருந்தார்கள்.

இப்போது என்ன செய்கிறீர்கள் என்றேன். பொம்மனஹள்ளியில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில், பட்டன், ஜிப், நூல் எல்லாம் வைக்கும் ஸ்டோரில் இருப்பதாகச் சொன்னார். "முந்நூறு தினுசு பட்டன் மிஸ். ஒண்ணுகூடத் துருப்புடிக்காது" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் எங்கள் ஸ்டோரில் பார்த்ததில்லை. பிறகு கவரை நீட்டினேன். நின்றபடியே படித்தார். மடித்தார். நான் வாங்கி வந்த பழத்தைப் போலவே அதையும் மரியாதையாக மேஜை மேல் வைத்தார்.

"ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சு வேணா வந்து பெட்டிய ரொப்பிக் குடுக்கறேன் மிஸ். மத்த நாள்ல லீவு போட முடியாது. சேந்த ஆறாம் மாசமே பர்மனன்ட் பண்ணிட்டாங்க."

தனமேரி அந்தக் கம்பெனியிலேயே பட்டன் எடுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றார். கிடங்குத் தானியக்கம் நடத்திய நான், 'கூடுதல் பொறுப்பு' என்று கல்லூரி ஒரு ஆர்டர் போட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டதால், கடைசி மூன்று வருடம் ஸ்டோரில் உட்கார்ந்து திருகாணி எடுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றேன்.